பாடவேறுபாடு பார்க்கும் நாம் கோப்புவேறுபாடு பார்க்கிறோமா?

ஓலைச்சுவடியில் ஓர் ஒற்று கூடினாலும் குறைந்தாலும் அடிக்குறிப்பில் பாடவேறுபாடு காட்டுகிறோம். அதே பாடம் கணினியில் ஏறிய பிறகு, கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த அலட்சியத்துக்கு நானும் விலக்கல்ல.

திருவனந்தபுரத்தில் ஆய்வு செய்யும் எனக்குச் சென்ற ஆண்டு நேர்ந்தது இது. நான் தட்டச்சு செய்த ஒரு பாடத்தின் இரு படிகள் திரையில் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. சொல்லடைவு எடுத்தால் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. இரண்டு நாள் கண்ணால் ஒப்பிட்டும் ஒன்றும் அகப்படவில்லை. பைத்தானின் ஹாஷ்லிப் கொண்டு எஸ்.ஹெச்.ஏ-256 எடுத்தபோது இரண்டும் வேறு கோப்புகள் என்பது நொடியில் உறுதியானது. பிறகு பைட் பைட்டாகத் தேடினேன். ஒரு படியில் 'கொ' என்பது ககரமும் ஒரே ஒகரக் குறியும். மற்றதில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். யூனிகோட் இவ்விரண்டையும் நிகரானவை என்கிறது, பைட்டுகளோ வேறு.

ஆகவே தமிழ்ப் பாடத்தை முதலில் என்.எஃப்.சி. வடிவுக்குச் சீராக்கி, யூ.டி.எஃப்-8இல் சேமித்து, அதன் பின்னரே ஹாஷ் எடுக்க வேண்டும். ஔகாரக் குறியின் பின்பாதிக்கு ளகரத்தை இட்ட பிழையை இந்தச் சீராக்கம் திருத்தாது. அது பதிப்பாசிரியரின் வேலை. ஹாஷ் பாடம் சரியானது என்று சொல்வதில்லை. மாறவில்லை என்று மட்டுமே சொல்கிறது. எம்.டி.5 போதாதா என்பார்கள். தற்செயலான சேதத்தை அது காட்டும். ஆனால் ஒரே எம்.டி.5 தரும் இருவேறு கோப்புகளை வேண்டுமென்றே உருவாக்கலாம் என்பது 2004இலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

எஸ்.ஹெச்.ஏ-256 தருவது 64 குறிகள். அவற்றைத் தொலைபேசியில் படித்துச் சரிபார்ப்பவர் யார்? முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்துவிட்டு நிறைவடைகிறோம். இதற்காகவே 1995இல் பேட்ரிக் ஜூவோலாவும் ஃபில் ஸிம்மர்மனும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் ஆங்கிலச் சொல் வகுத்தனர். ஒரு சொல் விடுபட்டாலும் காதுக்குத் தெரிய, ஈரசைச் சொல்லையும் மூவசைச் சொல்லையும் மாறி மாறி வைத்தனர். எண்ணைச் சொல்லாக்குவது இம்மண்ணுக்குப் புதிதன்று. வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திரவாக்கியங்கள் கடபயாதி முறையில் அமைந்தவை. தீரசங்கராபரணம் 29ஆம் மேளம் என்பதை இசை மாணவர் அதன் பெயரிலிருந்தே அறிவார். தமிழ் எழுத்தில் ஒரு தகரமே நான்கு ஒலிகளுக்கும் நிற்பதால் கடபயாதியை அப்படியே கொள்ள இயலாது. ஆனால் ஒலி குழம்பாத எட்டு மெய்களையும் எட்டு உயிர்களையும் தேர்ந்தால் 64 எழுத்துகள். முழு விரல்ரேகையும் 43 எழுத்துகளில் அடங்கும். பைத்தானில் இதற்கு இருபது வரி நிரல் போதும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. நீதிமன்றம் கேட்பதை நம் வாய்மொழித் தேர்வு ஏன் கேட்கக்கூடாது? ஒவ்வோர் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் தரவுக் கோப்புகளின் பெயர், அளவு, ஹாஷ் ஆகியவை அச்சில் இடம்பெற வேண்டும். கோப்பும் ஹாஷும் ஒரே தட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே மாறலாம். அச்சிட்ட தாள் அப்படி மாறாது.

நெறியாளர்கள் இதைக் கட்டாயமாக்கும் வரை காத்திருக்க வேண்டாம், நண்பர்களே. இன்றிரவே உங்கள் தரவுக் கோப்புறைக்கு ஒரு பட்டியல் எடுத்துவையுங்கள்.