கல்லீரலையும் தேடி வரட்டும் மருத்துவம்

தேசியத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரல் நோய் 2021 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழகத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும் இந்தத் திட்டத்தில், கல்லீரல் பரிசோதனையையும் முறையாக இணைக்க வேண்டும். முதற்கட்டத்துக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை.

குடிப்பழக்கம் இல்லாதவருக்குக் கல்லீரல் கெடாது என்ற நம்பிக்கை இன்னும் வலுவாக இருக்கிறது. உண்மையில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. அவர்களில் சிலருக்கு அது தழும்பாக இறுகி, சிரோசிஸ் வரை போகிறது. வயிறு வீங்கும்வரை வலியோ அறிகுறியோ இல்லாமலேயே இது நடந்துவிடலாம்.

முதல் கருவி இஞ்ச் டேப். 30 வயது கடந்தவர்களுக்காக மத்திய சுகாதாரத் துறை வகுத்த படிவத்திலேயே இடுப்புச் சுற்றளவுக்கு மதிப்பெண் உண்டு. ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. ஒல்லியான கை கால்களும் தொப்பையும் கொண்ட நம்மவர்களுக்கு எடையைவிட இந்த அளவு அதிகம் சொல்லும்.

இரண்டாவது, ‘ஃபிப்-4’ என்ற கணக்கு. வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு நொதிகள், பிளேட்லெட் எண்ணிக்கை ஆகியவை போதும். 54 வயதுக்காரருக்கு ஏஎஸ்டி 50, ஏஎல்டி 36, பிளேட்லெட் 1.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாக அச்சுறுத்தாது. சேர்த்துக் கணக்கிட்டால் 3 வருகிறது. 2.67-ஐத் தாண்டினாலே நிபுணரிடம் அனுப்ப வேண்டும். 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு.

இந்தக் கணக்கு துல்லியமற்றது என்ற ஆட்சேபம் நியாயமானதே. இளவயதினருக்கு இது சரிவரப் பொருந்தாது. 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என உயர்த்த வேண்டும். இடைப்பட்ட மதிப்பு வந்தால் அடுத்த சோதனை அவசியம். ஆனால், இதன் வேலை நோயை உறுதிசெய்வதல்ல. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் யாருக்கு வேண்டாம் என்று சலித்தெடுப்பதே. எல்லோருக்கும் சாதாரண ஸ்கேன் எடுத்து ‘கிரேடு 1’ கொழுப்பு என்று எழுதிக் கொடுப்பதால் பீதியும் லிவர் டானிக் விற்பனையும்தான் கூடும். அந்த ஸ்கேன் கொழுப்பைக் காட்டும். தொடக்கநிலைத் தழும்பைக் காட்டாது.

கண்டுபிடித்து என்ன செய்வது என்றும் கேட்கலாம். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு கரையத் தொடங்குகிறது; 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணிகிறது, சிலருக்குத் தழும்பும் குறைகிறது. சிரோசிஸ் முற்றியபின் மிஞ்சுவது மாற்று அறுவை சிகிச்சைதான். அது எத்தனை குடும்பங்களுக்கு எட்டும்?

அரசு செய்ய வேண்டியவை மூன்று. வீடு தேடிச் செல்லும் தன்னார்வலர்கள் இடுப்பளவையும் பதிவுசெய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுக்கொரு முறை இந்த ரத்தப் பரிசோதனைகளைச் செய்து, ஃபிப்-4 மதிப்பை ஆய்வக அறிக்கையிலேயே அச்சிட்டுத் தர வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்தோறும் ஃபைப்ரோஸ்கேன் வசதி வேண்டும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டை மட்டும் தொடங்கினால், நோயாளியை நடுவழியில் இறக்கிவிட்டதாகவே முடியும். நிதி ஒதுக்கீடு அங்கிருந்தே தொடங்கட்டும்.