எல்லாப் படமும் வந்தாச்சா?

இரவு இரண்டு மணி. பைக்கில் இருந்து விழுந்த ஒருவருக்கு ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் தலையில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அங்கே ரேடியாலஜிஸ்ட் கிடையாது. படங்கள் நெட்வொர்க் வழியாக வேறு ஊரில் இருக்கும் டாக்டருக்குப் போகின்றன. அவர் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்கிறார். ரத்தக்கசிவு எதுவும் தெரியவில்லை. "நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார். உச்சந்தலைப் பக்கத்துக் கடைசி ஆறு படங்கள் தனக்கு வந்து சேரவே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

தெரிய வழியில்லை. புத்தகத்தில் பக்கம் கிழிந்திருந்தால் தையல் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்கேனில் வராத படம் காலி இடமாகக்கூடத் தெரியாது. திரையின் மூலையில் 1/26 என்று போட்டிருக்கும். அந்த 26, வந்து சேர்ந்த படங்களின் கணக்கு. எடுத்த படங்கள் 32 ஆக இருந்தாலும் மென்பொருள் கமுக்கமாக 26 என்றுதான் சொல்லும்.

இதற்குக் காரணம் படங்கள் பயணம் செய்யும் விதம். ஸ்கேன் கருவிகள் எல்லாம் பேசிக்கொள்ளும் பொது மொழிக்கு டைகாம் என்று பெயர். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும், கருவி தயாரிப்பாளர்களின் சங்கமும் 1983 இல் ஒரு குழு அமைத்து, 1985 இல் முதல் தரத்தை வெளியிட்டன. அப்போது ஒரு கருவியையும் இன்னொன்றையும் 50 பின் கொண்ட ஒயரால் நேராக இணைப்பதோடு சரி. நெட்வொர்க்குக்கு ஏற்ற மாதிரி மாற்றி, டைகாம் என்ற பெயரில் வந்தது 1993 இல். இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான்.

அந்த மொழியில் 'இந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொள்' என்று சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. சி-ஸ்டோர். ஒரு முறைக்கு ஒரு படம். வாங்கியவர் 'வந்தது' என்பார். அடுத்த படம் போகும். சி.டி.யின் ஒரு படம் ஏறக்குறைய அரை மெகாபைட். மெல்லிய துண்டுகளாக வயிற்றை எடுத்தால் படங்கள் ஆயிரத்தைத் தொட்டுவிடும். அதாவது 500 மெகாபைட், ஆயிரம் தனித்தனிக் கோப்புகள். ஒவ்வொன்றிலும் நோயாளியின் பெயர், எந்தப் பரிசோதனையைச் சேர்ந்தது என்ற அடையாள எண் எல்லாம் இருக்கும். 'மொத்தம் எத்தனை, இதுதான் கடைசி' என்ற விவரம் மட்டும் இருக்காது!

வீட்டில் சலவைக்குத் துணி போடுகிறவர்கள்கூட வேட்டி 4, சட்டை 6 என்று நோட்டில் எழுதிவைத்துத்தான் மூட்டை கட்டுகிறார்கள். திரும்பி வரும்போது எண்ணிப் பார்க்க வேண்டுமே!

சரி, கணக்கே இல்லாமல் வாங்குகிற கணினி என்ன செய்கிறது? காத்திருக்கிறது. கொஞ்ச நேரம் புதிதாக எதுவும் வராவிட்டால் 'முடிந்தது போலிருக்கிறது' என்று முடிவு கட்டிக்கொள்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவாகி, 2012 இல் வெளியான ஆர்தங்க் என்ற இலவச மென்பொருளையே எடுத்துக்கொள்ளலாம். 60 விநாடிகள் புதுப் படம் வராவிட்டால் அந்தப் பரிசோதனை 'நிலைத்துவிட்டது' என்று அறிவிக்கும்படிதான் அதன் ஆரம்ப அமைப்பு இருக்கிறது. (முடிந்துவிட்டது என்று சொல்லாமல் நிலைத்துவிட்டது என்று சொல்கிறார்களே, அந்த நேர்மைக்கு ஒரு ஷொட்டு.) விநாடியைக் கூட்டலாம், குறைக்கலாம். குறைத்தால் பாதிப் படத்துக்கு ரிப்போர்ட் எழுதும் ஆபத்து. கூட்டினால் பக்கவாத நோயாளி காத்திருக்க வேண்டும். பெரிய மூளைப் பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006 இல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டிருக்கிறார். எந்த எண்ணை வைத்தாலும் யாரோ ஒருவருக்கு அது தப்பான எண்தான்.

வேறு தந்திரங்களும் உண்டு. இணைப்பு துண்டிக்கப்பட்டால் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா? சில கருவிகள் ஒவ்வொரு தொகுதிக்கும் புது இணைப்பு போடும், சில ஒவ்வொரு படத்துக்குமே போடும். வரிசை எண்ணில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கலாமா? நடுவில் காணாமல் போனது சில சமயம் பிடிபடும். கடைசி ஆறு போனால் ஓட்டையே தெரியாதே! அதோடு அந்த எண்கள் ஒன்றில் தொடங்கி இடைவெளி இல்லாமல் போக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

தரத்தை எழுதியவர்கள் பக்கம் ஒரு வாதம் இருக்கிறது, நியாயமானதும்கூட. ஒரு பரிசோதனை எப்போது 'முடிகிறது'? டெக்னீஷியன் அரை மணி கழித்து அதே தகவலில் இருந்து குறுக்குவெட்டுப் படங்கள் புதிதாக உருவாக்கி அனுப்பலாம். மறுநாள் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்று தன் பங்குக்கு ஒரு படத்தைச் சேர்க்கலாம். முடிவே இல்லாத ஒன்றுக்கு முற்றுப்புள்ளி எங்கே வைப்பது?

இங்கேதான் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 'இந்தப் பரிசோதனை முடிந்துவிட்டதா?' என்பது ஒன்று. 'இதுவரை எடுத்ததெல்லாம் இங்கே வந்துவிட்டதா?' என்பது வேறு. முதலாவதற்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாமல் போகலாம். இரண்டாவதற்கு எந்த நிமிடத்திலும் பதில் உண்டு, ஏனென்றால் எடுத்த கருவிக்கு அது தெரியும். அதைக் கேட்காமல், தெரியாதவரை 60 விநாடி வேடிக்கை பார்க்க வைத்து ஊகிக்கச் சொல்வது என்ன நியாயம்?

கேட்பதற்கு வழி இல்லாமலும் இல்லை. எம்.பி.பி.எஸ். என்று ஒரு வசதி டைகாமிலேயே இருக்கிறது (டாக்டர் பட்டம் இல்லை, தமிழில் எழுதினால் அப்படி அமைந்துவிட்டது). கருவி வேலையைத் தொடங்கும்போது ஒரு செய்தி அனுப்பும். முடித்ததும் இன்னொன்று அனுப்பும், அதில் எந்தெந்தப் படங்கள் எடுக்கப்பட்டன என்ற பட்டியல் இருக்கும். சலவை நோட்டேதான்! முடிந்தது என்ற செய்தி வந்ததாலேயே படங்களும் வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை, பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று சேமிப்பு உறுதி. அனுப்பிய கருவி தன் பட்டியலை நீட்டி 'இதெல்லாம் பத்திரமா?' என்று கேட்கும். சேமிக்கும் கணினி ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்று, அல்லது மறுத்து, பதில் சொல்லும். இரண்டும் இல்லாவிட்டால், அனுப்பிய இடத்தையே 'உன்னிடம் மொத்தம் எத்தனை?' என்று விசாரிக்கவும் முடியும். ஆனால் அந்த எண்ணைச் சொல்வது கட்டாயம் அல்ல.

பிறகு ஏன் இப்படி? பல இடங்களில் இந்த வசதிகளை இயக்கியே வைப்பதில்லை. சில கருவிகளில் டெக்னீஷியன் 'முடிந்தது' பட்டனை அழுத்த வேண்டும். வாசலில் அடுத்த நோயாளி ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது அது மறந்துபோகும். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. படம் போகவில்லை என்று கருவியின் திரையில் சிவப்பில் வந்தாலும் அதைப் பார்க்க அந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள்? செய்தி போய்ச் சேர வேண்டிய இடம் ரிப்போர்ட் எழுதும் டாக்டரின் திரை.

அதனால் கருவி வாங்கும்போதே இந்த இரண்டு வசதிகளும் வேலை செய்வதைக் காட்டினால்தான் பணம் என்று மருத்துவமனைகள் சொல்ல வேண்டும். திரை மூலையில் 26 என்று மட்டும் போடாமல் '32 இல் 26' என்று போட வேண்டும். மொத்தம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே போடட்டும். எத்தனை படங்களைப் பார்த்து எழுதியது என்று ரிப்போர்ட்டிலும் ஒரு வரி இருக்கட்டும். அவசர நோயாளிக்கு 26 ஐ வைத்தே முதல் கருத்துச் சொல்லலாம், தப்பில்லை. 26 தான் பார்த்தோம் என்று தெரிந்து சொல்கிறாரே!

இதில் தாமதிக்கவும் முடியாது. ஸ்கேன் கருவியின் வன்தட்டு சின்னது. இடம் நிறைந்ததும் பழைய படங்களை அழித்துக்கொண்டே போகும். அந்த ஆறு படங்கள் வரவில்லை என்று ஒரு மாதம் கழித்து யாராவது கண்டுபிடித்துக் கேட்கும்போது, கருவியிலும் அவை இருக்காது.