‘இன்னாரின் தாயார்’ என்னும் அறிவிப்பு

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது. வடக்குத் தெரு மர்ஹூம் இன்னாரின் மனைவியும், இன்னார், இன்னார் ஆகியோரின் தாயாரும், சிங்கப்பூரில் பணிபுரியும் இன்னாரின் மாமியாருமானவர் வஃபாத்தாகிவிட்டார். ஜனாஸா அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் செய்யப்படும். இன்னா லில்லாஹி ஓதுகிறோம், துஆச் செய்கிறோம். கணவர் பெயர் தெரிந்துவிட்டது. மக்கள், மருமக்கள் பெயர்களும், அவர்கள் பிழைக்கும் ஊர்களும் தெரிந்துவிட்டன. இறந்தவரின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை.

எல்லா மஹல்லாக்களும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. பெயர் சொல்லி அறிவிக்கும் ஜமாஅத்துகளும் உண்டு. ஆயினும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலோ அறந்தாங்கி வட்டாரத்திலோ வளர்ந்தவர்களுக்கு இந்த அறிவிப்பின் நடை பழக்கமானதே. பழகிவிட்டதால்தான் அதிலுள்ள அநீதி நம் காதில் விழுவதில்லை.

யாரை இப்படி அடக்கிவிட்டு வருகிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஆண்கள் மலாயாவுக்கும் பர்மாவுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் சபர் போனபோது ஊரைத் தாங்கி நின்றவர்கள் நம் நன்னிமார்களும் உம்மம்மாக்களும். வந்த பணத்தைக் கடனுக்கு இவ்வளவு, குமருக்கு இவ்வளவு என்று பிரித்தவர்கள் அவர்கள். மீன்காரியிடம் பேரம் பேசிய அதே குரலில், வட்டிக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பியவர்கள். திண்ணையில் பாயை விரித்துத் தெருப்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அலிஃப், பே ஓதிக்கொடுத்தவர்கள். அவர்கள் ஒரு சொல் சொன்னால் அண்ணன் தம்பி சண்டை அந்த மக்ரிபுக்குள் தீரும். (தீராவிட்டால் இருவருக்கும் அன்றிரவு சோறு கிடையாது.) அத்தகைய ஒருவரின் பேரப்பிள்ளைகளிடம் நன்னிமாவின் பெயர் என்னவென்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள்.

பெண்ணின் பெயரைப் பொதுவில் சொல்வது வெட்கத்துக்கு முரண் என்று பதில் வருகிறது. மார்க்கத்தின் பெயராலேயே வருகிறது. நாம் மறுப்பதும் மார்க்கத்தைக் கொண்டுதான்.

மக்களில் தங்களுக்கு மிகப் பிரியமானவர் யார் என்று அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தயங்காமல் ஆயிஷா (ரலி) அவர்களின் பெயரைச் சொன்னார்கள். ஆண்களில் யார் என்று கேட்டபோது, அவருடைய தந்தை என்றார்கள். அபூபக்ரு (ரலி) அவர்களையே மகளைக் கொண்டு அடையாளப்படுத்திய பதில் அது. இஃதிகாஃபின்போது இரவில் தம்மைக் காண வந்த துணைவியாரை வழியனுப்பச் சென்றபோது, கடந்து சென்ற இரு அன்சாரிகளை நிறுத்தி, உடனிருப்பவர் ஸஃபிய்யா பின்த் ஹுயை என்று பெயரோடும் தந்தை பெயரோடும் அறிவித்தார்கள். பெண்ணொருவர் ஸதகா பற்றிய கேள்வியோடு வாசலில் நின்றபோது, வந்திருப்பது ஸைனப் என்று பிலால் (ரலி) சொல்ல, எந்த ஸைனப் என்று கேட்டார்கள். பெயர் போதவில்லை, ஆளும் தெரியவேண்டும் என்றார்கள். யாருடைய மனைவி என்ற விவரம் அதன் பிறகே வந்தது. நம் அறிவிப்புகளில் அந்த விவரத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

உம்மு ஸலமா, உம்மு ஹபீபா என்று அழைப்பது சுன்னத்தாயிற்றே என்பாரும் உளர். ஆம். அபூபக்ரும் அபூஹுரைராவும் அதே வழக்கில் வந்த பெயர்களே. குன்யத் என்பது பெயரோடு சேர்த்துச் சூட்டப்பட்ட மரியாதை. பெயரை அழிக்க வந்ததன்று. உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இயற்பெயர் ஹிந்த், உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் இயற்பெயர் ரம்லா என்பதைப் பதினான்கு நூற்றாண்டுகளாக உம்மத் பாதுகாத்து வைத்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் நேற்று மவுத்தானவரின் பெயரை நம்மால் ஒரு நாள் பாதுகாக்க முடியவில்லை.

இது நம்மிடம் மட்டுமுள்ள நோய் அன்று. முஸ்லிம்களிடம் மட்டுமுள்ளதும் அன்று. 1951-52இல் நடந்த நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வடமாநிலங்களில் எல்லாச் சமயத்துப் பெண்களும் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்தனர். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். பெயரில்லாதவருக்கு வாக்கில்லை என்று அரசு அன்றே சொல்லிவிட்டது. ஆப்கானிஸ்தானில் கல்லறைக் கல்லிலும் பெண்ணின் பெயர் விடுபடும் வழக்கத்தை எதிர்த்து, என் பெயர் எங்கே என்று அந்நாட்டு முஸ்லிம் பெண்களே கேட்டார்கள். 2020இல் அடையாள அட்டையில் தாயின் பெயரையும் சேர்க்கச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழகத்தை எடுத்துக்கொண்டால், நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1938இல் ‘காதலா கடமையா’ நாவலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை எழுதினார். பெயரைச் சொல்வதால் குறைந்துபோகும் கண்ணியம் என்று எதுவும் அவருக்கு இருக்கவில்லை.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 1991-92இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைக் கிராமங்களுக்குள் நுழைந்தது. எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்ந்து வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்டோர் சாலையில் ஊர்வலமாகச் சென்றனர். ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்களாம். நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் அல்லவா? கேலி பேச்சு நிறைய இருந்தது. அவற்றைப் பொருட்படுத்தாமல் ஓட்டிய முஸ்லிம் பெண்களும் சாய்நாத்தின் கட்டுரையில் இருக்கிறார்கள். அவர்களை அவர் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்.

அந்த வகுப்புகளில் பெண்கள் ஆசையோடு எழுதிப் பழகியது தங்கள் சொந்தப் பெயரை. கைநாட்டு வைத்த விரல் கையெழுத்துப் போட்டது. அன்று முப்பது வயதிலிருந்த பெண் இன்று அறுபதைக் கடந்த நன்னிமா. அவர் சிரமப்பட்டுக் கற்ற அந்த நான்கைந்து எழுத்துகளைத்தான் நாம் மவுத்து அறிவிப்பில் விட்டுவிடப்போகிறோம்.

ஒலிபெருக்கியோடு இது நின்றுவிட்டால் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. பெயரில்லாத தாயின் சொத்தும் ஆளில்லாத சொத்தாகிவிடுகிறது. கணவர் மவுத்தானபோது, பிள்ளைகள் உள்ள மனைவிக்குக் குர்ஆன் விதித்த எட்டில் ஒரு பங்கு அந்த நன்னிமாவின் கைக்கு வந்ததா? அவர் பிறந்த வீட்டில் அவருக்கிருந்த பங்கு எங்கே போனது? இன்று அவர் மறைந்தபின் அவருடைய நகையும் நிலமும் யாரிடம் இருக்கின்றன? ‘உனக்குத்தான் கல்யாணத்தில் செய்தாயிற்றே’ என்று சொல்லி, அழுது ஓயாத மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் அண்ணன்மார் எத்தனை பேர்? (வீட்டை மகளுக்கே கொடுத்துவிடும் வழக்கமுள்ள சில கடற்கரை ஊர்களில் கணக்கு வேறு, அங்கும் மற்றச் சொத்துகளைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.) கல்யாணச் செலவு வாரிசுப் பங்குக்கு ஈடு என்று குர்ஆனில் எங்கும் இல்லை. மகனுக்கு இரு பங்கு என்பதை மனப்பாடமாகச் சொல்பவர்கள், மகளுக்குரிய ஒரு பங்கும் அதே வசனத்தில் இருப்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

நாற்பதாம் நாள் சாப்பாடு கூடுமா கூடாதா என்று ஊரே இரண்டாகி வாதிடுகிறது. கடன், மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத், பிறகு பாகம் என்ற வரிசையில் கூடுமா கூடாதா என்ற கேள்விக்கே இடமில்லை. அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றி யாரும் கூட்டம் போடுவதில்லை.

மஸ்ஜிதுன் நபவியைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒரு பெண் இறந்தபோது, சிறிய விஷயம் என்றெண்ணி இரவோடிரவாக அடக்கிவிட்டார்கள். காணவில்லையே என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். தம்மிடம் ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, கபுரைக் காட்டச் சொல்லி, அங்கே நின்று தொழுதார்கள். சில அறிவிப்புகளில் அவர் உம்மு மிஹ்ஜன் என்று குறிக்கப்படுகிறார். கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும், ஆடு அறுத்தால் அவருடைய தோழியருக்கு இறைச்சி அனுப்புவார்கள்; அவர் பெயரை அடிக்கடி சொல்வார்கள், ஆயிஷா (ரலி) அவர்களுக்கே பொறாமை வரும் அளவுக்கு.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. மையவாடிப் பதிவேட்டிலும் ஒலிபெருக்கியிலும் வாட்ஸ்அப் செய்தியிலும் முதலில் மவுத்தானவரின் பெயர், அடுத்து அவர் தந்தையின் பெயர். கணவரும் மக்களும் அதன் பின் வரட்டும். அறிவிப்புத் தர வரும் மகனிடம் ‘உங்கள் தாயாரின் பெயர்?’ என்று முஅத்தின் கேட்கட்டும். அவர் சொல்லத் தயங்கினால், சொல்லும்வரை ஒலிபெருக்கியைப் போடாதிருக்கட்டும்.