இங்கிலீஷ் ஒப்பிப்பதற்கு அல்ல, கேள்வி கேட்பதற்கு!

முப்பதே நாளில் இங்கிலீஷ் பேசலாம் என்று தென்காசிப் பக்கம் சுவருக்குச் சுவர் விளம்பரம். பீடி சுற்றும் தாய்மார்கள் கூலியில் மிச்சம் பிடித்த காசைக் கொண்டுபோய் அங்கே கட்டுகிறார்கள். பிள்ளைக்குக் கிடைப்பதென்ன? நாளுக்கு இருபது சொல், எதிரே தமிழ் அர்த்தம். மறுநாள் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்த பிள்ளை மூன்றாம் நாள் மறந்துவிடுகிறது. உடனே பிள்ளைக்கு மக்கு என்று பட்டம். நாம் சொல்லுகிறோம்: மக்கு அந்தப் பாடமுறைதான்!

சொல் எப்படி மனதில் தங்குகிறது என்று தெரிந்துகொள்ளச் சீமைக்குப் போக வேண்டாம். சீசன் காலத்தில் குற்றாலத்துக்குப் போனால் போதும். பேரருவிப் பக்கம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூறு கட்டி விற்கிற அம்மாளும், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சியும் மலையாளத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்? புளியரை வழியாக வந்து இறங்குகிற கூட்டத்திடம் விலை சொல்லி, பேரம் பேசி, சண்டை போட்டுப் படித்தார்கள். ‘எத்ர?’ என்ற கேள்வி ஒரே நாளில் நூறு தடவை காதில் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லியாக வேண்டும், சொன்னால்தான் காசு. காதில் விழுந்து, வாயில் வந்து, காரியத்தையும் முடித்துக்கொடுத்த சொல்லை யாராவது மறப்பார்களா?

மில் தோழர்கள் தங்களையே எடுத்துக்கொள்ளட்டும். ராஜபாளையத்திலும் விக்கிரமசிங்கபுரத்திலும் பஞ்சோடு மல்லுக்கட்டியவர்கள் வாயில் எத்தனை இங்கிலீஷ்! பாபின், டாஃபிங், ரிங் பிரேம், ஷிப்ட், ஓவர்டைம், போனஸ், லே-ஆஃப், சார்ஜ் ஷீட், சஸ்பென்ஷன். (கடைசி இரண்டையும் நிர்வாகமே காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தது.) வயற்காட்டில் நிற்கும் விவசாயத் தொழிலாளிக்கும் மோட்டார், டிராக்டர், யூரியா, லோடு, டோக்கன் என்று ஒரு மூட்டை சொல் கைவசம் உண்டு. இப்படிப்பட்டவர், “எனக்கு இங்கிலீஷ் வராதய்யா” என்று தலையைக் குனிகிறார்! அவரிடம் சொல் இருக்கிறது. அந்தச் சொற்களைக் கோத்து எதிரே நிற்பவனை ஒரு கேள்வி கேட்கும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கம் பேசிப் பேசித்தான் வரும்.

இது நமது ஊகமல்ல. 1979-லிருந்து 1984 வரை என். எஸ். பிரபு என்பவர் பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் இதைச் செய்து பார்த்தார். இலக்கணப் பாடத்தையும் சொற்பட்டியலையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் ரயில் கால அட்டவணையையும் ஊர்ப் படத்தையும் கொடுத்தார்கள். எந்த வண்டி முதலில் போய்ச் சேரும்? இங்கிருந்து அங்கே போக எது சுருக்குவழி? கணக்கு சரியா? கேள்வியும் பேச்சும் இங்கிலீஷில். பேசு, பேசு என்று யாரும் நெருக்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு சொல்லில் பதில் வந்தாலும் போதும். தப்பாகச் சொன்னாலும் முதலில் பார்த்தது விடை சரியா என்பதைத்தான். பிள்ளையின் புத்தி விடையைத் தேடி ஓடும்போது பாஷை தானாக உள்ளே இறங்குகிறது என்பது பிரபுவின் வாதம். பழம் விற்கும் நம் அம்மாள் இந்த வாதத்தைக் கேட்டால், “இதைச் சொல்ல ஒரு திட்டமா?” என்றுதான் கேட்பாள். ஐந்தாண்டில் திட்டம் முடிந்தது. சர்க்கார் பள்ளிகளின் பொதுமுறையாக அது ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாடவேளை நாற்பது நிமிஷம். ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் தலைக்கு ஒரு நிமிஷம். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேசவிட்டால் ஒரே சமயத்தில் இருபது பேர் பேசலாம். ஆனால் வகுப்பில் இரைச்சல் எழும். இரைச்சலை ஒழுங்கீனம் என்று நினைக்கிற மேலதிகாரி வருவார். பரீட்சைக்குப் பாடம் முடியவில்லை என்று கேட்பார். பேச்சுக்கு மார்க் கிடையாது என்றால் எந்த ஆசிரியர் துணிவார்? ஆசிரியர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். பிள்ளைகளுக்குப் போதுமான ஆசிரியரும், பயிற்சியும், பேச்சுக்கு மார்க்கும் கொடுக்க வேண்டியது சர்க்கார்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோகோ கம்பெனி 2011-ல் கடை விரித்தது. கல்லூரிப் படியேறாத பிள்ளைகளைச் சேர்த்து, பீஸ் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து, கம்ப்யூட்டர் வேலையோடு இங்கிலீஷ் பேசவும் அங்கே பழக்குகிறார்கள். கம்பெனி தன் தேவைக்குத்தான் செய்கிறது. அதில் நமக்கு மயக்கமில்லை. ஆனால் கிராமத்துப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது என்று இத்தனை காலம் ஓதிவந்தவர்கள் இனி என்ன சொல்லுவார்கள்? படிக்கும் காலத்தில் வயிற்றுக்கு வழி இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் வருகிறது. ஒரு கம்பெனி தனக்கு வேண்டிய சிலருக்குச் செய்வதை, சர்க்கார் எல்லோருக்கும் ஏன் செய்யக்கூடாது?

நம்மவர்களிலேயே சிலர் முகம் சுளிக்கிறார்கள். “தமிழில் காகிதம் கொடு என்று போராட வேண்டிய சங்கம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதா? இது சரணாகதி அல்லவா?” என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. தமிழே ஆட்சிமொழி என்று 1956-ல் சட்டம் போட்டாயிற்று. ஆனாலும் பி.எஃப்., பாங்கு, இன்ஷூரன்ஸ் என்று உழைப்பாளியின் காசு போய்ச் சேருகிற இடங்களிலெல்லாம் இங்கிலீஷ் இன்னும் காவல் நிற்கிறது. காகிதம் தமிழில் வரவேண்டும் என்ற கோரிக்கையை நாம் ஓர் அங்குலமும் விடப்போவதில்லை. அது வருகிற வரைக்கும் ஆலங்குளத்திலும் கடையத்திலும் பீடி சுற்றுகிற பெண் என்ன செய்வாள்? இத்தனை வருஷக் கூலியில் பிடித்த பி.எஃப். பணத்துக்கு மனுப் போடுகிறாள். ஆதாரில் ஒரு பெயர், கணக்கில் ஓர் எழுத்து வித்தியாசம். செல்போனில் ‘ரிஜெக்டட்’ என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்துச் சொல்லவே புரோக்கருக்குப் பணம்; மறுபடி மனுப் போட இன்னொரு தடவை பணம். அவள் பணத்தை அவளே எடுக்கக் கப்பம்! ஏன் தள்ளினாய், எந்தக் காகிதம் வேண்டும், எத்தனை நாளாகும் என்று மூன்று கேள்வி அவளே கேட்கத் தெரிந்தால் புரோக்கரின் பிழைப்பில் மண் விழும். இதையா சரணாகதி என்பது?

உழைப்பவன் பேச்சிலிருந்தே பாடத்தை எடுப்பது இடதுசாரிகளுக்குப் புதிதல்ல. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏழை உழைப்பாளிகளோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் பேச்சில் அடிபடும் சொற்களைக் கொண்டே எழுத்தறிவித்தார். மறு வருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டது. எழுத்துக் கற்றவன் கேள்வி கேட்பான் என்று ராணுவத்துக்குத் தெரிந்திருக்கிறது! 1990-களின் தொடக்கத்தில் நமது நெல்லைச் சீமையிலும் அறிவொளி இயக்கம் தெருவிளக்கடியில் பாய் விரித்துப் பாடம் நடத்தியது. தமிழுக்குச் செய்த அதே காரியத்தை இங்கிலீஷுக்கும் செய்ய என்ன தடை?

சங்க ஆபீசில் வாரம் இரண்டு மாலை போதும். ஒருவர் பாங்கு குமாஸ்தா, ஒருவர் கணக்குக்காரர். பிறகு இடம் மாறி உட்காரலாம். முதல் வாரம் ‘கிளெய்ம்’, ‘நாமினி’, ‘பெண்டிங்’, ‘டிடக்ஷன்’ என்ற நாலு சொல்லுக்கு மேல் வேண்டாம். அந்த நாலையே பாங்கில் ஒரு பேச்சு, மில் ஆபீசில் ஒரு பேச்சு, பி.எஃப். ஆபீசில் ஒரு பேச்சு என்று புரட்டிப் புரட்டிப் பேச வேண்டும்; அடுத்த வாரமும் அவை வந்து போக வேண்டும். தப்பாகப் பேசினால் சிரிக்கக் கூடாது என்பது ஒன்றே கண்டிப்பான விதி. பள்ளி இறுதி வகுப்பு முடித்த பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், அவர்களே நடத்தலாம். நோட்டும் பாடப்புத்தகமும் வாங்கச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். வருகிறவர்கள் வீட்டில் தகரப் பெட்டியில் கிடக்கும் பாஸ்புத்தகம், கடன் அட்டை, சம்பளச் சீட்டு எதுவானாலும் ஒன்றைக் கையில் எடுத்து வரட்டும். முதல் பாடத்தை அதிலிருந்து தொடங்கலாம்.