சுவருக்குள் ஓடும் இழை

பாவில் ஓர் இழை தளர்ந்தாலும் அக்குறை புடவையில் தெரிந்துவிடும் என்பதை ஆரணி நெசவாளர் நன்கு அறிவர். வீட்டின் மின்னிணைப்பும் அத்தகையதே. ஒலிபெருக்கிக்கு ஆயிரக்கணக்கில் செலவிடும் நாம், அதற்கு மின்சாரம் தரும் கம்பிகளைச் சுவர் மூடியவுடன் மறந்துவிடுகிறோம். நல்லிசையை விரும்புவோர் முதலில் சீர்செய்ய வேண்டியது அக்கம்பிகளையே.

நம் வீடுகளுக்கு 230 வோல்ட் அழுத்தமும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் கொண்ட மாறுதிசை மின்னோட்டம் வருகிறது. நெசவாளர் இல்லத்தில் தார் சுற்றும் மோட்டாரும் ஒலிபெருக்கியும் ஒரே இணைப்பில் இயங்குவது உண்டு. மோட்டார் தொடக்கத்தில் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கம்பி மெலிதாக இருந்தால் அக்கணம் மின்னழுத்தம் தாழும், விளக்கு மங்கும், பாட்டினிடையே 'டக்' என்னும் ஓசை எழும். மோட்டாருக்குத் தனிச்சுற்று அமைத்தால் இத்தொல்லை பெரிதும் குறையும். சுவரினுள் இருக்கும் குறையை, கடையில் வாங்கும் ஒரு மீட்டர் விலையுயர்ந்த கம்பி தீர்க்காது.

இன்னொரு தொல்லை, இடைவிடாத 'உம்' என்னும் இரைச்சல். ஒலிக்கம்பியால் இணைந்த இரு கருவிகள் வெவ்வேறு இடங்களில் புவித்தொடுப்புப் பெற்றால், அவற்றிடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடே இரைச்சலாகக் கேட்கும். இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகினால் பெரும்பாலும் அது அடங்கும். சிலரோ செருகியின் பெரிய முனையை நீக்கிவிடுகின்றனர். இரைச்சல் நிற்கிறது, காவலும் நீங்குகிறது. கருவியின் உலோக உறையில் மின்சாரம் கசிந்தால் அதை நிலத்துக்குக் கடத்தி, உருகியை அறுந்துபோகச் செய்வது அம்முனையே. அது முதலில் தொடர்புறவேண்டும் என்பதற்காகவே மற்ற முனைகளைவிட நீளமாக அமைக்கப்பட்டுள்ளது.

குழித்தறியில் கால்களை மண்ணுக்குள் இறக்கி நெய்பவருக்கு இவ்விடர் இன்னும் பெரிது. ஈரமண்ணில் கால் பதித்திருப்பவர் மின்கசிவுள்ள உறையைத் தொட்டால், அவர் உடலே மின்சாரத்தின் வழியாகிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவி இத்தகைய வீடுகளில் கட்டாயம் இருத்தல் வேண்டும்.

இதற்கெல்லாம் செலவாகும் என்பது நியாயமான மறுப்பே. ஆயினும், கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 200 அலகாக இருந்த கட்டணமில்லா மின்சாரம் 2023இல் 300 அலகாக உயர்த்தப்பட்டது. அவ்வாறு மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுத்துப் புவித்தொடுப்பைச் சோதிப்பது வீண்செலவாகாது. மின்னளவிக்கு அப்பால் உள்ள கம்பிகளுக்குப் பொறுப்பு வீட்டாரே.

இரைச்சல் என்பது வீடு தரும் எச்சரிக்கை. அதன் வாயை அடைப்பதைவிட, அது சொல்வதைக் கேட்டுக் காரணத்தைக் களைவதே அறிவுடைமை.