முதுமையில் துணை யார்?

பிள்ளை பெற்றவன் முதுமைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று நம்மவர் சொல்வதுண்டு. பிள்ளையும் இல்லை, பிறந்த வீட்டிலும் இடமில்லை என்றால் அம்மனிதரின் கதி யாது? திருநங்கையரிலும் திருநம்பியரிலும் பலரின் நிலை இதுவே.

இவர்களின் முதுமையைப் பற்றி நாம் சிந்தித்ததில்லை. அமெரிக்காவிலே, வாசிங்டன் பல்கலைக்கழகத்துச் சமூகப்பணிப் பேராசிரியை கரன் பிறெட்றிக்சன் கோல்ட்சனும் அவர்தம் குழுவினரும் சிந்தித்தனர். பால் வகையாலும் பாலீர்ப்பாலும் சிறுபான்மையினரான, 50 வயதும் அதற்கு மேலுமுள்ள 2,560 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 174 பேர் திருநங்கையரும் திருநம்பியருமாவர். 2014இல் வெளியான முடிவு கவலைக்குரியது. ஒடுக்கப்பட்ட அக்கூட்டத்தின் ஏனையோரைவிட இந்த 174 பேரிடையே உடல்நலக் கேடும், அங்கவீனமும், மனச்சோர்வும் மிகுந்திருந்தன.

காரணம் அவர்கள் உடலில் மட்டும் இல்லை. பட்ட வன்முறை, ஆதரவின்மை, தம்மைத் தாமே இழிவாய் எண்ணும் நிலை ஆகியவற்றோடு, வைத்திய உதவி நாட அஞ்சும் அச்சத்தையும் ஆய்வாளர் காரணமாகக் கண்டனர். ஆம், நோயைவிட வைத்தியசாலைக்கு அஞ்சுகிறார்கள்! வாங்கிலே காத்திருக்கையில் உரத்த குரலில் பழைய பெயர் சொல்லி அழைக்கப்படுவதை எண்ணிப் பார்த்தால் அவ்வச்சம் விளங்கும்.

இத்தகையோரைப் பெரும்பாலும் பராமரிப்பவர் யார்? தோழர், தோழியர், உடன் வாழ்ந்தோர். ஆனால் சட்டம் இரத்த உறவையே முதலில் தேடுகிறது. மணமாகாத ஒருவர் மரணசாதனம் எழுதாது கண்மூடினால், பத்தாண்டு பணிவிடை செய்தவருக்கு ஒரு பரப்புக் காணிதானும் இல்லை. வீட்டை விட்டுத் துரத்திய உடன்பிறப்பு உரித்தாளராக வந்து நிற்பார். இதனை நியாயவாதிகள் அறிவர். கமக்காரரும் காணி வழக்குகளிற் கண்டிருப்பர்.

நம் நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லோம். 2016இல் சுகாதார அமைச்சு விடுத்த சுற்றறிக்கையால், பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்த வழி பிறந்தது. பத்திரம் திருந்தியது நன்றே. ஆயினும் நோய்ப் படுக்கையில் அருகிருக்க வேண்டியவர் யார் என்பதை அப்பத்திரம் சொல்லாது.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. நோயாளி தம் துணையாக எவரை எழுத்தில் குறிக்கிறாரோ, அவரை வைத்தியசாலையும் முதியோர் இல்லமும் ஏற்க வேண்டும். அனுமதிப் படிவத்தில் உறவினர் பெயருக்குக் கீழே இன்னொரு வரி சேர்ப்பதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டுமா? அமைச்சின் மற்றுமொரு சுற்றறிக்கை போதும்.