கரைவலைப் பாட்டுக்கு ஒரு சுற்றொலித் தட்டு

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

வீட்டிலேயே பாட்டுத் தட்டு எழுதுவது இன்று பெரிய வித்தையன்று. ஒரு கணினியும், ஒரு டி.வி.டி. ரைட்டரும், ஒரு வெற்றுத் தட்டும் இருந்தால் போதும். இடம், வலம் என்னும் இரண்டு தடங்களில் மட்டுமன்றி, முன்னும் பின்னும் பக்கமுமாக ஆறு தடங்களில் ஒலிக்கும் சுற்றொலித் தட்டையும் ஒரு மாணவன் தன் மேசையிலேயே ஆக்கிவிடலாம். நம் கல்லூரியிலும் ஊரிலும் இதில் கைதேர்ந்த நண்பர்கள் உண்டு. அவர்களுடைய திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் அத்திறமை எதற்குச் செலவாகிறது என்பதில்தான் எனக்கு அவர்களோடு வழக்கு.

வீட்டில் பாட்டைப் பதிந்து வைக்கும் பழக்கம் தூத்துக்குடிக்குப் புதிதன்று. 1970-களிலும் 80-களிலும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை கடல் தாண்டி, உள்ளூர் நிலையம் போல் நம் கரையில் தெளிவாகக் கேட்டது. டேப் ரிக்கார்டர் இருந்த வீடுகளில், அறிவிப்பாளர் பேசி முடிக்கும் நொடிக்காகப் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்து பாட்டைப் பிடிப்பார்களாம். வசதி குறைந்தவர்கள் ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி ரிக்கார்டிங் கடையில் கொடுப்பார்கள். "அறுபதா, தொண்ணூறா?" என்று கடைக்காரர் கேட்பாராம். நிமிடக் கணக்கு அது. பெரிய ஒலித்தட்டிலிருந்து நாடாவுக்கு இறக்கிய அந்தப் பாட்டுகளோடுதான் நம் பெற்றோர் வளர்ந்தனர். 1978-இல் 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் வந்தபோது, ஒரு காதில் ஒரு கருவியும் மறு காதில் வேறொன்றும் கேட்ட வியப்பை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று அவ்வியப்பு மலிந்துவிட்டது. வெளிநாட்டுக் கப்பல்களில் பணியாற்றியவர்களும் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும் கொண்டுவந்த ஐந்து பெட்டி, ஒரு பெரிய பெட்டி கொண்ட செட் நம் கடற்கரை வீடுகள் பலவற்றில் இருக்கிறது. (ஐந்தையும் ஒரே சுவரில், ஷோகேஸின் மேல், கல்யாணப் போட்டோவுக்கு இருபுறமும் வரிசையாக அடுக்கியிருப்பார்கள்! நடுப்பெட்டிக்கு முப்பது பாகை இடமும் வலமும் முன்பெட்டிகள், நூறு முதல் நூற்றிருபது பாகைக்குள் பின்பெட்டிகள் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அமைப்பு. அதை யார் கேட்கிறார்கள்?) இந்தப் பெட்டிகளுக்கு இரை போடுவதற்காகவே, பழைய பாடல்களைக் கணினியில் போட்டுப் பிரித்து, '5.1' என்று மேலே எழுதி நண்பர்கள் தட்டு தட்டாக எழுதித் தள்ளுகிறார்கள்.

1976-இல் ஒற்றைத் தடத்தில் பதிவான ஒரு பாட்டில் ஆறு திசை எங்கிருந்து வரும்? குரலை நடுவில் நிறுத்தி, வயலினைப் பின்னால் தள்ளி, எல்லாவற்றின் மேலும் கொஞ்சம் எதிரொலியைத் தெளிப்பதற்குச் சுற்றொலி என்று பெயர் வைப்பது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சாயம் பூசுவதைப் போன்றது. பார்க்கலாம், ஆனால் அன்று அந்தப் புடவை என்ன நிறம் என்பது சாயம் பூசியவருக்குத் தெரியாது. கடையில் விற்கும் '5.1 எம்.பி.3' தட்டுகளோ இன்னும் மோசம். சாதாரண எம்.பி.3 கோப்பில் இருப்பதே இரண்டு தடங்கள்தாம். இவற்றுக்கு நடுவே, பழைய இசைத்தட்டைத் துடைத்து, ஊசியை மாற்றி, ஒரு பாட்டுக்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு, உள்ளதை உள்ளபடி இரண்டே தடத்தில் பதிந்து வைக்கும் ஓரிருவரும் உண்டு. அவர்களை இக்குற்றச்சாட்டில் சேர்க்கவில்லை.

அப்படியானால் எந்த ஒலிதான் ஆறு தடங்களுக்கு உரியது? கேட்பவனை உண்மையிலேயே சூழ்ந்து நிற்கும் ஒலி. அத்தகையதொன்று நம் மாவட்டத்துக் கரையிலேயே இருக்கிறது.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் செல்லும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே போய், தொலைவில் வேறோர் இடத்தில் மறுமுனையைக் கரை சேர்க்கும். இரு முனையிலும் இரு கூட்டம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடியவாறே இழுப்பார்கள். இதுவே அம்பாப் பாட்டு. 'ஏலேலோ' என்று நீளும் அந்த அழைப்பை வள்ளுவரின் நண்பர் ஏலேலசிங்கரோடு இணைத்து ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும். இரு கூட்டத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்து நின்று கேட்டுப் பாருங்கள். முன்னே அலை. இடக் கோடியில் ஒரு பாட்டு, வலக் கோடியில் ஒரு பாட்டு. இரண்டும் ஒரே தாளத்தில் இரா. ஒன்று முந்தும், மற்றொன்று எட்டிப் பிடிக்கும். வலை நெருங்க நெருங்க இரு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகரும், பாட்டும் நகரும், வேகம் ஏறும். பின்னால் ஏலக்காரர் குரல், கூடையோடு காத்திருக்கும் பெண்களின் பேச்சு, காகங்கள், கோயில் மணி. கடைசியில் மடி கரை ஏறும்போது எல்லா ஒலியும் ஒரே இடத்தில் வந்து முட்டும். பம்பாயிலோ சென்னையிலோ எந்தப் பொறியாளரும் மேசையில் உட்கார்ந்து உண்டாக்க வேண்டிய தேவையில்லாத சுற்றொலி அது.

வேம்பார்ப் பக்கம் என் தாய்மாமன் ஊரில் இதை நான் இரண்டு முறைதான் முழுமையாகக் கேட்டிருக்கிறேன். பாட்டைப் பற்றி அங்கே ஒரு பெரியவரிடம் விசாரித்தபோது அவர் சொன்னார்: "பாட்டு கெடக்கட்டும் தம்பி, ஆளு எங்க இருக்கு? இருவது பேரு நின்ன எடத்துல இப்ப ஏழு பேரு நிக்கோம். மூச்ச இழுக்கதுக்கே காணல, இதுல பாட்டு வேற." கயிற்றை டிராக்டர் கட்டி இழுப்பதும் வந்துவிட்டது. டிராக்டருக்குப் பாட்டு வேண்டியதில்லை.

முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய ஊர் நம்முடையது. தூத்துக்குடிக் கடலில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-இல். பார்களுக்குப் படகுகள் கூட்டமாகப் புறப்பட்ட விடியற்காலை எப்படி ஒலித்தது என்பதைக் காதால் கேட்டவர் என் தலைமுறையில் ஒருவருமில்லை. சங்கு குளிப்பவர்களும் காற்றுக் குழாயை வாயில் கவ்வி இறங்கத் தொடங்கி நெடுநாளாகிறது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போன பாய்த்தோணிகள் எஞ்சின் தோணிகளாயின. இந்த மாற்றங்களை நான் குறை கூறவில்லை. உழைப்பவனுக்குச் சுமை குறைவதை எதிர்ப்பவன் மூடன். ஆனால் உழைப்போடு ஒட்டியிருந்த ஒலி உழைப்பு மாறிய அன்றே அறுந்துவிடுகிறது. அதற்கு முன் யாராவது பதிந்து வைத்தால்தான் உண்டு.

பேராசிரியர் நா. வானமாமலை 1964-இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பை வெளியிட்டார். நெல்லைச் சீமையின் பாட்டுகளைப் படித்தவர்கள் மதிக்கச் செய்தவர் அவர். ஆயினும் அச்சு சொல்லைத்தான் காக்கும். அம்பாவில் சொல் பாதி. மீதி மூச்சும், இழுப்பும், எதிர்க்கூட்டத்தின் பதிலும். அந்த மீதியைக் காக்கும் கருவி அவர் காலத்தில் மாணவன் கைக்கு எட்டவில்லை. இன்று எட்டியிருக்கிறது.

ஒன்றையொன்று ஒட்டி நான்கு திசை பார்க்கும் நான்கு ஒலிவாங்கிகளைக் கொண்டு, ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள ஒலி முழுவதையும் பதியும் முறையை 1970-களில் ஆக்ஸ்போர்டில் வளர்த்தவர் மைக்கேல் கெர்சன் என்னும் கணித அறிஞர். அன்று அது ஆய்வுக்கூடப் பொருள். 2018-இல் வந்த ஜூம் எச்3-விஆர் என்னும் கைக்கருவி அதையே உள்ளங்கைக்குள் அடக்கிவிட்டது. பதிந்த நான்கு தடங்களையும் கணினியில் கணக்கிட்டு ஐந்து பெட்டிகளுக்குப் பங்கிடலாம். இங்கே சாயம் பூசும் வேலை இல்லை. இடப்பக்கம் கேட்டது இடப்பக்கமே வரும்.

"செல்பேசியில் பதிந்தால் போதாதா?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். போதாது. பேச்சைப் பதிவதற்காகவே பழக்கப்பட்ட அந்தக் கருவி, அலையோசையை இரைச்சல் என்று எண்ணி அமுக்கும். பாட்டு ஓங்கும்போது தானே ஒலியைக் குறைக்கும், தாழும்போது கூட்டும். தொலைவிலிருந்து நெருங்கி வரும் கூட்டம் அதில் நெருங்கவே நெருங்காது. பிறகு அதை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒற்றைத் தடமாகச் சுருங்கி, கிணற்றுக்குள்ளிருந்து பாடியதாக வந்து சேரும்.

'ஹை ரெசல்யூஷன்' என்ற பெயரில் நடக்கும் ஆரவாரத்தைப் பற்றியும் இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு சொல். மனிதக் காது கேட்பது வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை. 44,100 முறை மாதிரி எடுக்கும் சாதாரணக் குறுந்தகடே 22,050 வரை தாங்கும். 1,92,000 மாதிரி எடுத்துவிட்டு வித்தியாசம் தெரிகிறது என்று சொல்பவர்களோடு நான் வாதிடுவதில்லை, வௌவாலாக இருக்கக்கூடும். ஆனால் 24 பிட் என்பது வேறு செய்தி. கடற்கரையில் எந்த நொடியில் யார் கூவுவார் என்று தெரியாது. ஒலி முட்டி உடையாதிருக்க அளவைத் தாழ்த்தி வைத்துப் பதிய வேண்டும். 16 பிட்டில் அப்படிப் பதிந்தால் மெல்லிய ஒலிகள் இரைச்சலில் மூழ்கும். 24 பிட்டில் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். ஆகவே 24 பிட், 48,000 மாதிரி என்பதே என் பரிந்துரை.

கணக்கைப் பாருங்கள். ஆறு தடம், 24 பிட், 48,000 மாதிரி: வினாடிக்கு 69,12,000 பிட். 470 கோடி பைட்டு கொள்ளும் ஒரு டி.வி.டி.யில் ஏறக்குறைய 90 நிமிடம் பிடிக்கும். ஒரு கரைவலை இழுப்பில் பாட்டின் கனமான பகுதிக்கு அது தாராளம். ஆனால் ஒரு சிக்கல். படம் பார்க்கும் டி.வி.டி. முறையில் சுருக்காத ஒலிக்கு உச்சவரம்பு வினாடிக்கு 61,44,000 பிட். நம் ஆறு தடம் அந்த வாசலில் நுழையாது. அதனால்தான் வீட்டில் எழுதுவோர் பலர் டால்பிக்கு மாற்றி 4,48,000 பிட்டாகச் சுருக்கிவிடுகிறார்கள். பதினைந்தில் ஒரு பங்கு! டி.வி.டி.-ஆடியோ என்ற தனிமுறைக்கு வரம்பு 96,00,000. அதில் நம் பதிவு அப்படியே அமரும். அதைப் பாடும் கருவிதான் இன்று அரிது. புளூ-ரே தட்டில் இந்த இடர் எதுவுமில்லை. இன்னொரு தந்திரமும் உண்டு: டி.டி.எஸ். முறையில் சுருக்கிய ஆறு தடங்களை, சாதாரணப் பாட்டுத் தட்டு போல வேடமிட்டுச் சிறிய குறுந்தகட்டிலேயே எழுதலாம். டிஜிட்டல் கம்பி வழியே செட்டுக்குக் கொடுத்தால் ஆறு பெட்டியும் பாடும். தெரியாமல் பழைய பிளேயரில் போட்டால் 'உஸ்' என்று சீறும். ஊரார் தட்டு கெட்டுவிட்டதென்று வீசிவிடுவார்கள். எனவே ஊருக்குக் கொடுப்பதை டி.வி.டி.யாகவும், காப்பதற்குரியதைச் சுருக்காத கோப்பாகத் தனித்தட்டிலும் எழுதுவதே முறை.

தட்டு நிலைக்குமா என்பது நியாயமான கேள்வி. எழுதும் தட்டில் இருப்பது சாயப்பூச்சு. வெயிலும் ஈரமும் அதற்கு ஆகா. நம் ஊரில் இரண்டும் இலவசம். என் அக்காவின் திருமணத் தட்டு பத்தாண்டுக்குள் படிக்க முடியாமற் போயிற்று. சாயமில்லாத, கனிமப் பூச்சுள்ள எம்-டிஸ்க் வகை நீடிக்கும். விலை அதிகம்தான். இதற்கிடையே உலகமே தட்டை விட்டு விலகுகிறது. 34 ரூபாய்க்குத் தமிழ்ப் பட டி.வி.டி. கொடுத்த மோசர் பேயர் 2018-இல் கலைப்புக்கு ஆளானது. சோனி நிறுவனம் எழுதக்கூடிய புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. பாட்டும் போகிறது, தட்டும் போகிறது. எது முந்தும் என்பதில் எனக்குப் பந்தயம் கட்ட விருப்பமில்லை. மூன்று பிரதி எழுதி மூன்று இடத்தில் வைக்கலாம். ஒன்று வன்தட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று. பாடுபவர்களைக் கேட்காமல் பதியக் கூடாது. முதல் பிரதி பாடிய ஊருக்கு, இரண்டாவது நம் கல்லூரி நூலகத்துக்கு. யாரும் அதை எடுத்துச் சினிமாப் பாட்டுக்கு அடியில் ஒட்டவோ விற்கவோ கூடாதென்று உறையின் மேல் எழுதிவிட வேண்டும். அறியாதவனின் வியர்வையை அழகென்று விற்ற கதைகள் நாம் அறிந்தவை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுக்கும் கரைவலைக்கும் அத்தடை கிடையாது. எஞ்சின் ஓசை அடங்கிய கரை அப்போதுதான் கிடைக்கும்; நமக்கும் விடுமுறை. மே மாதக் கடைசியில் கச்சான் காற்று பலத்துவிட்டால் ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை போட்டும் பயனில்லை. ஆகவே தேர்வு முடிந்த முதல் மூன்று வாரம்தான் உகந்தது. கருவி ஒரு நடுத்தரச் செல்பேசியின் விலைக்குள் வரும். தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் பங்கிட்டுக்கொண்டால் எந்தத் துறைக்கும் பாரமில்லை. பாட்டின் சொற்களை எழுதி எடுக்கத் தமிழ்த்துறையிலிருந்து இருவர், கருவியைப் பிடிக்க எங்களில் இருவர், ஊரில் பேசி அனுமதி வாங்க அந்த ஊரிலேயே பிறந்த மாணவர் ஒருவர் வேண்டும். முதலாமாண்டில் அத்தகையோர் மூவர் இருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடக் கணினியின் ரைட்டர் இன்னும் வேலை செய்கிறது.